ஸ்டிக்கர் ஒட்டாத பத்து கார்கள்

அக்டோபர் 26, ஞாயிறு

காஜா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மேஜையில் கவிழ்த்தான். பத்து பொம்மைக் கார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற உலோகக் கார்கள். யார் வீட்டுப் பிள்ளைகளோ மிதித்து, சுவரில் மோதி, மாடியிலிருந்து எறிந்து விளையாடியவை. பாதிக்கு மேல் பெயின்ட் இல்லை. பழைய சாமான் கடையில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான்.

"டிசம்பர் பதினாலு மதுரைக்காரங்க ஆறு பேரு விளையாட வாராங்க. அதுக்குள்ள பத்து வண்டியும் ரெடியா நிக்கணும்வே டாக்டரே," என்றான்.

காஜா மைதீனுக்கு மேலப்பாளையத்தில் கார் உதிரிபாகக் கடை. பதினோரு வருடமாக மாதம் இரண்டு ஞாயிறு அவன் கடை மாடியில் விளையாடுகிறோம். ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் பொம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்பது என் மனைவி ஷீலாவின் கருத்து. விளையாட்டு இதுதான்: தாமிரபரணி வற்றிப்போய் நூறு வருடம் ஆகிவிட்டது. கடைசித் தண்ணீர் லாரி மேஜையின் குறுக்கே போகிறது. அதைப் பிடிக்க இரண்டு கூட்டங்கள், இரும்புத் தகடு மாட்டிய கார்களில் மோதிக்கொள்கின்றன. அளவுகோல் வைத்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். விதிகள் எல்லாம் நாங்களே எழுதியவை.

அதில் ஒரு விதி முழுக்க முழுக்க என்னுடையது. ஒவ்வொரு காரின் கூரையிலும் நம்பர் இருக்க வேண்டும், அது கையால் வரைந்ததாக இருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய கார் மேஜையில் ஏறக்கூடாது. போன வருடம் மதுரைக்காரர் ஒருவர் ஸ்டிக்கரோடு வந்தார். "ரெடிமேட் பல்செட்டை மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கே சார்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நல்ல சிரிப்பு. அந்த மனிதரும் இந்தத் தடவை வருகிறாராம்.

நான் பல் டாக்டர். இருபத்தாறு வருடமாக அரை மில்லிமீட்டருக்குள் வேலை செய்கிற கை. பத்து நம்பர் எனக்கு ஒரு மத்தியான வேலை.

அக்டோபர் 29, புதன்

க்ளினிக் ஒரு மணிக்கு மூடினால் ஐந்துக்குத்தான் திறக்கும். நடுவில் கிடைக்கிற நேரம் கார்களுக்கு. இந்தக் கார்களின் அடியில் இரண்டு ரிவெட் இருக்கும். அதைத் துளைத்து எடுத்தால்தான் உடம்பு தனியாக, அடித்தட்டு தனியாகக் கழன்று வரும். கண்ணாடி, சீட் எல்லாம் பிளாஸ்டிக். அவற்றை வெளியே எடுக்காமல் பெயின்ட் ரிமூவரில் போட்டால் உருகிப் பாழாகும். மற்றவர்கள் இதற்கு டிரில் தேடி அலைவார்கள். என்னிடம் பல்லைக் குடைகிற பழைய மோட்டாரே இருக்கிறது.

இரண்டு கார் சுத்தமாக வந்தது. மூன்றாவதில் முனை வழுக்கி ரிவெட்டிலிருந்து கதவு வரை ஒரு கோடு இழுத்துவிட்டது. ஐந்தாவதில் மறுபடி. முனை தேய்ந்திருக்கிறது. முப்புடாதியிடம் புதிது கேட்டேன்.

"போன வாரம்தான சார் புதுசு போட்டோம்," என்றாள்.

முப்புடாதி என் க்ளினிக்கில் பதினான்கு வருடமாக உதவியாளர். கேட்டதைக் கொடுக்காமல் கணக்குச் சொல்வதில் கெட்டிக்காரி.

நவம்பர் 2, ஞாயிறு

பத்து காரையும் பெயின்ட் ரிமூவரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பெயின்ட் தோல் தோலாக உரிந்து வந்தது. உள்ளே வெள்ளை உலோகம். கை எரிகிறது, கையுறை கிழிந்ததைக் கவனிக்கவில்லை. "நோயாளிக்கு மட்டும் தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கச் சொல்லுவீங்க. காருக்கு எத்தன வேளை?" என்று ஷீலா கேட்டாள். அடுத்த காரை எடுத்துத் தேய்த்தேன்.

நவம்பர் 5, புதன்

நாசம். மொட்டைமாடியில் நிறுத்தி சாம்பல் நிற பிரைமர் ஸ்ப்ரே அடித்தேன். மழை விட்டிருந்தது, ஆனால் காற்றில் அவ்வளவு ஈரம். பிரைமர் காரில் படியும்போதே காய்ந்து மாவு பூத்துவிட்டது. விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பத்தும் போச்சு. எல்லாவற்றையும் திரும்ப உரிக்க வேண்டும்.

ஐப்பசியில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இது மழையின் தப்பு, சந்தேகமே இல்லாமல் மழையின் தப்பு. ஏனோ இன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பிரைமர் இரண்டாம் முறை. இந்தத் தடவை ஷெட்டுக்குள் நூறு வாட் பல்பு போட்டுக் காயவைத்தேன். தேறிவிட்டது.

கோயிலில் இன்று திருவிருந்து. திராட்சை ரசத்தை அந்தச் சின்னக் கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றித் தருகிறார்கள். என் வெள்ளைச் சட்டையில் மூன்று சொட்டு. கமிட்டிக்கு எழுதப்போகிறேன், பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள் என்று. வெள்ளிக்கிழமை பேங்கில் வேறு கையெழுத்து சேரவில்லை என்று மூன்று தடவை போடச் சொன்னான். பேனாவைச் சங்கிலியில் கட்டி வைத்தால் யாருக்குத்தான் கையெழுத்து சேரும்?

நவம்பர் 13, வியாழன்

தகடுகள் எல்லாம் மாட்டியாயிற்று. பல்செட் செய்கிற பவுடரைக் குழைத்துத் தட்டி, காய்ந்ததும் வெட்டி, கார் முகப்பிலும் கதவிலும் ஒட்டினேன். இதைச் செய்ய மதுரையில் ஒருத்தனுக்கும் துப்பு கிடையாது. பிதுங்கினால் தேய்த்துக்கொள்ளலாம், கோணினால் அடிபட்ட வண்டி என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல வேலை.

டாக்டர் கோமதி பார்த்துவிட்டு "செமயா இருக்கு சார்" என்றது. வியாழக்கிழமை மட்டும் வருகிற பெண். மேல்படிப்பு முடித்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு இன்று நான்கு வேர் சிகிச்சை, இரண்டு கடைவாய்ப் பல் பிடுங்கல். எனக்கு நேற்று முழுக்க மூன்று க்ளீனிங். ஜனங்களுக்கு இப்போது சின்ன வயசு டாக்டர்தான் வேண்டும் போல. இருக்கட்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

மண் நிறம் அடித்து, அதன் மேல் ஸ்பாஞ்சால் துரு ஒற்றினேன். பத்து காரும் ஆற்று மணலில் புரண்டு எழுந்த மாதிரி நிற்கின்றன. எனக்கே பெருமையாக இருக்கிறது. பாக்கி நம்பர்தான்.

முப்புடாதியிடம் புதுப் பழக்கம் ஒன்று. நான் ஊசி போடும்போது என் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் என்றால், "லைட்டு மறைக்குது சார், அதான் லேசா நகத்துதேன்" என்கிறாள். லைட் இருப்பது மறுபக்கம்.

நவம்பர் 23, ஞாயிறு

முதல் நம்பர் 3. வெள்ளை. கூரை இரண்டு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லை. மேல் வளைவு வந்தது. கீழ் வளைவு நண்டு போன பாதை. துடைத்தேன். மறுபடி. துடைத்தேன். நான்காம் தடவை, துடைக்கிற தின்னர் அடியில் இருந்த மண் நிறத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பிரஷ் சரியில்லை. மூன்று சைபர் போட்ட மெல்லிய பிரஷ் என்று விற்கிறான், முடி நுனியில் பிளந்திருக்கிறது. சென்னையிலிருந்து வேறு வரவழைக்கச் சொன்னேன்.

நவம்பர் 27, வியாழன்

புது பிரஷ் வந்தது. முடி ஒன்றும் பிளக்கவில்லை. ஆனால் வேலை செய்கிற மேஜைக்கு அந்தப் பக்கம் சமையலறைச் சுவர். ஷீலா கிரைண்டரில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். மேஜை முழுக்க அதிர்வு. கத்தினேன். கிரைண்டரை நிறுத்தினாள். நான் திரும்பவும் பிரஷ்ஷை எடுத்தேன். கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்ப எந்த கிரைண்டர்ங்க ஓடுது?" என்றாள்.

பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தேன். சுவரில் வெள்ளைப் பொட்டு. அவள் ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். துடைத்தபடி, "பெரியாஸ்பத்திரில எங்க சித்தப்பா மகன் நரம்பு டாக்டரா இருக்கான்லா, சும்மா ஒரு நாள் போயிட்டு வருவமா?" என்று கேட்டாள். எனக்கு நரம்பில் ஒன்றும் இல்லை, வீட்டில் சத்தம் ஜாஸ்தி, அவ்வளவுதான் என்றேன்.

நவம்பர் 30, ஞாயிறு

டீ, காப்பி இரண்டையும் நிறுத்தி மூன்று நாள். மணிக்கட்டுக்குக் கீழே பைபிளும் டெலிபோன் டைரக்டரியும் அடுக்கிப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டும் பார்த்தேன். 1 மட்டும் வந்தது. 1 என்பது ஒரு கோடு. அதுவும் இரண்டு இடத்தில் நெளிந்திருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

இன்று 7. ஒன்பது தடவை துடைத்தேன். தலைவலி என்று சாயந்திரம் க்ளினிக்குக்கும் போகவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

இன்னும் ஆறு நாள்தான். ஒரு முழு நாள் லீவு போட்டு நம்பரை முடித்துவிடலாம் என்று எந்த நாளில் நோயாளிகள் குறைவு என்று பார்க்க அப்பாயின்ட்மென்ட் நோட்டை எடுத்தேன். எப்போதும் முப்புடாதிதான் அதை வைத்திருப்பாள், நான் தொட்டே மாதக்கணக்காகிறது. புரட்டினேன். என் நாட்களில் எல்லாம் க்ளீனிங், கன்சல்டேஷன், பல்செட் அளவு. க்ளீனிங், கன்சல்டேஷன், பல்செட் அளவு. வியாழக்கிழமைகளில் மட்டும் வேர் சிகிச்சை, பிடுங்கல், தையல் எல்லாம் நெருக்கி நெருக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கோ' என்று. சில பெயர்கள் என் நாளில் எழுதி, அடித்து, வியாழனுக்குப் போயிருந்தன. பின்னால் புரட்டினேன். ஆகஸ்ட் இருபதிலிருந்து இப்படி.

கூப்பிட்டேன். வந்தாள். நோட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"யாரைக் கேட்டு மாத்துன?"

"யாரையும் கேக்கல சார்."

"இது யாரு க்ளினிக்?"

"உங்க க்ளினிக் சார்."

"கோமதி சொல்லுச்சா?"

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆள் கூடுதலா வருதுன்னு நெனச்சிட்டு இருக்காங்க." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "ஆகஸ்ட்ல அந்த டீச்சருக்கு உதடு கிழிஞ்சுச்சுலா சார்."

"அந்த அம்மா தலையை ஆட்டுச்சு!"

"ஆட்டல சார். நான்தான தலையப் பிடிச்சிருந்தேன்."

என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். உன் வேலை டிரே எடுத்து வைப்பது, டாக்டர் வேலை பார்ப்பது இல்லை என்றேன். இனி நான் ஊசி போடும்போது என் கையைத் தொட்டால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்றேன். வெளியே இரண்டு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் அழுதாள். அழுதுகொண்டே, "எங்கம்மாவுக்கு நீங்கதான் சார் நாலு பல்லு எடுத்தீங்க. அப்ப உங்க கை எப்படி இருந்துச்சுன்னு பாத்தவ நான். உங்க பேருக்கு ஒண்ணு வந்துரக்கூடாதுன்னுதான் செஞ்சேன்," என்றாள்.

நான்கு மாதமாக என் க்ளினிக்கில் எனக்கே தெரியாமல் என்னைச் சின்ன வேலைக்கு இறக்கியிருக்கிறாள். ஆத்திரமாக இருக்கிறது. அவமானமாக இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதி முடிக்க இவ்வளவு நேரம், எழுத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

முப்புடாதி சரியான நேரத்துக்கு வந்தாள். டிரேயை எடுத்து வைத்தாள், அதோடு சரி.

மத்தியானம் காஜா போன் செய்தான். கீழ்க் கடைவாய்ப் பல், ராத்திரி பூராவும் தூங்கவில்லையாம், கன்னம் வீங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழம மதுரக்காரன் முன்னால இந்தக் கன்னத்தோட எப்படிவே நிக்க? நாளைக்கே பிடுங்கிரும்." சரி என்று மாத்திரை சொல்லி, நாளை ஐந்து மணிக்கு வரச் சொன்னேன். நோட்டில் நானே எழுதினேன். எதிரே என் பெயரையும் எழுதினேன். முப்புடாதி பார்க்கட்டும்.

டிசம்பர் 10, புதன்

மத்தியானம் இரண்டு மணிக்குக் கார்களோடு உட்கார்ந்தேன். காஜா வருவதற்குள் ஒரே ஒரு நம்பராவது ஒழுங்காக வரைந்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பந்தயம். 4 எடுத்தேன். நேர்க் கோடுகள்தான். வரைந்தேன், துடைத்தேன். வரைந்தேன், துடைத்தேன். நாலரை மணிக்குக் கூரையில் வெள்ளை உலோகம் தெரிந்தது. மண் நிறம், துரு, பிரைமர் எல்லாம் போய், நான் முதல் நாள் உரித்த இடத்துக்கே வந்துவிட்டேன். அப்படியே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு க்ளினிக்குக்குப் போனேன். வாய்க்குள் வேலை வேறு, பொம்மை வேலை வேறு என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டேன்.

காஜா நாற்காலியில் சாய்ந்திருந்தான். கன்னம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயற்சி செய்தான். "சீக்கிரம் முடிச்சிரும்வே. வலி உயிர் போவுது," என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

கீழ்க் கடைவாய்க்கு ஊசி தாடை மூலையில், உள்ளே ஆழமாகப் போட வேண்டும். நாக்குக்குப் போகிற நரம்பு அங்கேதான் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான தடவை போட்டிருக்கிறேன். ஊசியை எடுத்தேன். இடது கட்டைவிரலால் கன்னத்தை விலக்கினேன். முப்புடாதி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள். தொடக்கூடாது என்று சொன்னவன் நான்தான்.

ஊசி முனை அவன் பல்லுக்கு மேலே நின்றது. நின்றது என்று எழுதுவது பொய். அது நிற்கவே இல்லை. இந்தப் பக்கம் கால் அங்குலம், அந்தப் பக்கம் கால் அங்குலம் போய்ப் போய் வந்தது. மூச்சைப் பிடித்தேன், அப்போதும் நிற்கவில்லை. காஜாவின் இமைகள் துடித்தன. உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். ஊசியை டிரேயில் வைத்தேன்.

சத்தம் கேட்டு ஒரு கண்ணைத் திறந்தான். "என்னவே, போட்டாச்சா? ஒண்ணுமே தெரியலியே. உம்ம கை கைதான்வே."

"போடல காஜா."

"ஏன்வே?"

"எனக்குக் கை நடுங்குது."

வாயை மூடிக்கொண்டான். கூரையைப் பார்த்தான். "தெரியும்வே," என்றான்.

"எப்பலேருந்து?"

"பக்ரீத்துக்கு வீட்டுக்கு வந்தீருலா. டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சீரு. அப்பவே எங்க வீட்டுல சொன்னா."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்வே இங்க வந்து வாயத் தொறந்துட்டுக் கெடக்கீரு?"

"வேற டாக்டர்ட்ட போனா நீரு என்ன நெனைப்பீரு? ஒரு பல்லுதானவே, போனாப் போவுதுன்னு வந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு பல்லாம்! நரம்பில் பட்டால் பாதி நாக்கு காலத்துக்கும் மரத்துப்போகும், மடையா, சோறு ருசி தெரியாது, பேச்சு குழறும் என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. என் மனம் நோகக்கூடாது என்று அவன் நாக்கைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். என் மனம் நோகக்கூடாது என்று நானும் அதை வாங்கிக்கொள்ள இருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

முப்புடாதியைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பார்த்தேன். "நோட்ட எடும்மா. காஜாவ நாளைக்குக் கோமதிக்கு எழுது. முதல் ஆளா எழுது," என்றேன். எழுதினாள். "திங்கக்கிழம அப்படிப் பேசுனது தப்பு" என்றும் சொன்னேன். அதற்கு அவள், "காஜா சாருக்கு வலி மாத்திர கூட ரெண்டு குடுக்கவா சார்?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து ஷீலாவிடம் உங்கள் சித்தப்பா மகன் எந்தக் கிழமை பார்ப்பான் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமைக்கு அவள் போன மாதமே சொல்லி வைத்திருக்கிறாளாம். எல்லோரும் எனக்குப் பின்னால் எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 11, வியாழன்

காலையில் ஸ்டிக்கர் கடையில் ஒன்று முதல் பத்து வரை வெள்ளை நம்பர் அடித்து வாங்கினேன். அந்த மதுரைக்காரர் என்னைக் கேட்கப்போவதை நினைத்தால் இப்போதே காது சுடுகிறது. கேட்கட்டும். ஸ்டிக்கரையும் ஷீலாதான் ஒட்டினாள், நான் ஒட்டியது கோணியது.

பத்து மணிக்குக் காஜா வந்தான். கோமதியிடம் ஊசி போடுவதற்கு முன்னாலேயே என் கை நடுங்குகிற விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டியது. ஊசி போட்டு, பல்லை இரண்டாக வெட்டி எடுத்தது. நல்ல கை. சொல்லத்தான் வேண்டும்.

பல்லை வெட்டும்போது முப்புடாதி அடுத்த ஆளுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்ததால், வாய்க்குள் எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சுகிற குழாயை நான் பிடித்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் அதைப் பிடித்ததே இல்லை. குழாய் காஜாவின் முன்பல்லில் டக்டக்டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அறையில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. காஜா எனக்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்புடாதி திரும்பி வந்தவள் எனக்காக டிரேயைப் பார்த்தாள்.

கோமதி மட்டும் பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "சார், பல்லுல படுது, கொஞ்சம் தள்ளிப் பிடிங்க," என்றது.

இத்தனை மாதத்தில் இதை என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள். தள்ளிப் பிடித்தேன்.